கொங்கு நாட்டில் சிதைந்த அம்பு முனைகளைச் சீராக்கும் மரபு

வேட்டையிலும் போரிலும் மழுங்கிய, வளைந்த, முறிந்த இரும்பு அம்பு முனைகளைத் திருத்தி மீண்டும் கோலில் பொருத்திப் பயன்படுத்தும் வழக்கம் கொங்கு நாட்டிலும் அதை ஒட்டிய நீலகிரி மலைச்சரிவிலும் நெடுங்காலம் இருந்தது. அம்பு எய்தபின் போய்விடும் பொருள் என்று இன்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இரும்பு அரிதாக இருந்த காலத்து வில்லாளிக்கு அது அப்படி இல்லை. கோல் முறிந்தால் காட்டில் வேறு கோல் வெட்டிக்கொள்ளலாம், உதிர்ந்த இறகுக்கு வேறு இறகு கட்டலாம். முனையை மட்டும் தேடி எடுத்தாக வேண்டும். ஓர் இரும்பு முனை பல கோல்களைக் கண்டிருக்கும்.

சங்கப் பாடல்கள், கொடுமணல் அகழாய்வு, நீலகிரிக் கல்வட்டங்களில் கிடைத்த இரும்புப் பொருள்கள், கோத்தர் கொல்லுத் தொழில் பற்றிய பதிவுகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இந்த மரபின் உருவம் ஓரளவு தெரிகிறது. இவற்றுள் மிகத் தெளிவாகப் பேசுவது இலக்கியச் சான்றே.

பாறையும் நகமும்

குறுந்தொகையின் 12ஆம் பாடலை இயற்றியவர் ஓதலாந்தையார். தலைவன் சென்ற பாலைவழியைத் தலைவி நினைத்துப் பார்க்கும் பாடல் அது. எறும்புப் புற்றைப் போன்ற சிறு சுனைகள் உள்ள பாறை ஒன்று அவ்வழியில் இருக்கிறது. அது கொல்லனின் உலைக்கல் போல வெப்பம் உடையது. வளைந்த வில்லையுடைய எயினர் அப்பாறை மேல் ஏறித் தம் அம்புகளைத் தீட்டுகிறார்கள். பாடலின் நோக்கம் வழியின் கொடுமையைச் சொல்வதுதான். ஆனாலும் வேட்டுவரின் அன்றாட வேலை ஒன்று அதில் பதிவாகிவிட்டது: மழுங்கிய முனையோடு அவர்கள் ஊருக்குத் திரும்பிக் கொல்லனைத் தேடவில்லை, கிடைத்த பாறையிலேயே தீட்டிக்கொண்டார்கள். அந்தப் பாறைக்குப் புலவர் உலைக்கல்லை உவமையாக எடுத்ததும் தற்செயலாகத் தோன்றவில்லை. காட்டில் எயினரின் பட்டறை அந்தப் பாறைதான்.

இதைவிட நுட்பமான செய்தி 16ஆம் பாடலில் உள்ளது. இதைப் பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. சேர மரபைச் சேர்ந்த அரசர். செங்கால் பல்லி தன் துணையை அழைக்கும் ஒலிக்கு அவர் கூறும் உவமை வியப்பானது. வழிப்பறி செய்யும் கள்வர், இரும்பு முனை பொருத்திய அம்பைச் செம்மை செய்வதற்காக நக நுனியில் வைத்துப் புரட்டும்போது எழும் ஒலி போன்றது அது என்கிறார். இப்பாடலில் இரும்பைக் குறிக்கும் சொல் 'பொன்'. உலோகம் எதையும் பொன் என்று சொல்லும் பழைய வழக்கு அது.

நகத்தில் புரட்டுவது எதற்காக? முனையைக் கோலில் பொருத்தியபின் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பதற்காக. முனையை நகத்தில் ஊன்றியோ, கோலை நகங்களின் மேல் கிடத்தியோ சுழற்றினால், நேராக உள்ள அம்பு சீராகச் சுழலும். சற்றே கோணிய அம்பு நடுங்கும். அந்த நடுக்கம் கண்ணுக்குத் தெரியாதபோதும் நகத்தில் உறைக்கும், காதில் கேட்கும். இன்று வில்வித்தைப் போட்டிக்குச் செல்பவர்களும் இதே போல நகத்தில் சுழற்றித்தான் அம்பின் நேர்மையைச் சோதிக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கைப்பழக்கத்தை அதன் ஓசையோடு நமக்குத் தந்திருப்பது இந்தப் பாடலின் சிறப்பு.

திருத்திய முனைக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை. அகன்ற அலகுடைய முனை பறக்கும்போது காற்றைக் கிழித்துச் செல்கிறது. அது அச்சிலிருந்து சிறிது விலகியிருந்தாலும் முன்பக்கத்தில் ஒரு சிறகு முளைத்ததுபோல ஆகி, அம்பைப் பக்கவாட்டில் இழுக்கும். பின்னால் உள்ள இறகுகள் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் அதை முழுவதும் சரிசெய்ய முடியாது.

தகடூர் வேல்களும் கொல்லன் குடிலும்

கொங்கு நாட்டின் வடக்கே தகடூரை, இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அப்போது அவர் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். தொண்டைமானின் படைக்கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானின் கருவிகளோ பகைவரைக் குத்தியதால் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழிக்கும் பாடல் என்று பள்ளியில் படித்திருப்போம். தொழில் வரலாற்று நோக்கில் பார்த்தால், சிதைந்த கருவியை வீசாமல் பழுதுபார்க்க அனுப்புவது அக்காலத்தில் வழக்கமான செயல் என்பதற்கு இது நேரடிச் சான்று. அந்த வழக்கத்தைக் கேட்போர் அறிந்திருந்ததால்தான் ஔவையின் குத்தல் தைத்தது. இங்கே பேசப்படுவன அம்புகள் அல்ல, வேல் போன்ற குத்தும் கருவிகள். ஆனால் பழுதும் பழுதுநீக்கும் முறையும் இரண்டுக்கும் ஒன்றே.

புறநானூறு 312ஆம் பாடலில் பொன்முடியார் ஒவ்வொருவருக்கும் உரிய கடமைகளைச் சொல்லும்போது, வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடமை என்கிறார். 'வடித்தல்' என்ற சொல்லில் அடித்து உருவாக்குவதும் கூர்மையாக்குவதும் சேர்ந்தே உள்ளன. புதிதாகச் செய்வதும் பழையதைத் தீட்டுவதும் ஒரே கையின் வேலை என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கலாம்.

கொடுமணல்: இரும்பும் எஃகும்

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் உள்ளது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. 1985 முதல் பல கட்டங்களாக இங்கு அகழாய்வு நடந்துள்ளது. கல்மணித் தொழிலுக்காகவே கொடுமணல் பெரிதும் பேசப்படுகிறது. இரும்பு உருக்கிய உலையும், மூசை வைத்து எஃகு செய்த உலையும் இங்கு வெளிப்பட்டது அதற்குக் குறைந்த செய்தி அன்று. அருகிலுள்ள சென்னிமலைப் பகுதி இரும்புத்தாது கிடைக்கும் இடம். இங்குள்ள ஈமச்சின்னங்களில் வாள், ஈட்டி போன்றவற்றோடு அம்பு முனைகளும் கிடைத்தன.

கொடுமணலில் கிடைத்த வாள் துண்டு ஒன்றை உலோகவியல் முறையில் ஆராய்ந்தபோது, வெட்டும் விளிம்பில் கரிமம் மிகுந்த எஃகைப் பற்றவைத்திருந்தது தெரியவந்தது. உடல் மெத்தென்ற இரும்பு, விளிம்பு மட்டும் எஃகு. பழுதுபார்க்கும் மரபைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு செய்தி மிகவும் உதவுகிறது. எஃகு விளிம்பு உள்ளவரைதான் தீட்டுவதால் பயன் உண்டு. தீட்டித் தீட்டி அந்த விளிம்பு தேய்ந்துபோனால் உள்ளே இருக்கும் மெத்தென்ற இரும்பு வெளியே வரும். பின்னர் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அந்த நிலையில் கல் உதவாது, உலைதான் உதவும்.

தீட்டுவது என்பது இரும்பைச் செலவிடுவது. திருக்குறளின் 888ஆம் குறள், உட்பகை கொண்ட குடி வலிமை இழப்பதை, அரத்தால் அராவப்படும் இரும்பு தேய்வதற்கு ஒப்பிடுகிறது. (இங்கும் இரும்புக்குப் 'பொன்' என்றே சொல்.) ஒவ்வொரு முறை கூராகும்போதும் கருவி சிறிது சிறுத்துப்போகிறது என்பதை அறிந்த சமூகத்தில்தான் இந்த உவமை எடுபடும்.

பழுதும் திருத்தமும்

தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் இருவகை அம்பு முனைகள் கிடைக்கின்றன. ஒருவகையில் அலகின் அடியில் காம்பு இருக்கும். அதைக் கோலின் தலையில் செருகி நாராலோ நரம்பாலோ சுற்றிக் கட்டுவர். மற்றதில் அடிப்பகுதி குழல்போல் சுருட்டப்பட்டிருக்கும். கோல் அதற்குள் நுழையும். காம்பு முனை எலும்பிலோ கல்லிலோ மோதினால் காம்பு பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கோலைப் பிளந்துவிடும். முனைக்குச் சேதம் குறைவு. குழல் முனை மோதினால் குழலின் வாய் கிழியலாம் அல்லது கழுத்து வளையலாம்.

மெத்தென்ற இரும்பு முறியாது, வளையும். வளைந்ததைக் கல்லின் மேல் வைத்துத் தட்டியே நிமிர்த்தலாம். குளிர்ந்த நிலையில் விளிம்பைத் தட்டும்போது அது மெலிவதோடு சற்றுக் கடினமும் ஆகிறது. கதிர் அரிவாளை இப்படித் தட்டிக் கூராக்கியவர்களுக்கு இது தெரிந்த செய்தி. தோய்ச்சல் போட்ட எஃகு முனைக்கு இது பொருந்தாது. அதைக் குளிரத் தட்டினால் விரிசல் விடும். உலையில் காய்ச்சி, சிவந்த நிலையில் நிமிர்த்தி, மீண்டும் நீரில் தோய்க்க வேண்டும். தோய்த்த எஃகு கண்ணாடிபோல் எளிதில் முறியும் என்பதால், மறுபடி மிதமான சூடு காட்டி அதன் முறுக்கைக் குறைக்க வேண்டும். அந்தச் சூட்டின் அளவைப் பழைய கொல்லர்கள் இரும்பின் மேல் ஓடும் நிறத்தைக் கொண்டு அறிந்தார்கள். வைக்கோல் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாக மாறும் அந்த நிறங்கள் சில நொடிகளே நிற்கும். மெல்லிய அம்பு முனையில் அவை இன்னும் விரைவாக ஓடிவிடும்.

நுனி முறிந்தால் என்ன செய்வது? உலைக்குப் போகாமலே தீர்க்கலாம். இருபக்கத் தோள்களையும் அராவிப் புது நுனி எடுக்க வேண்டியதுதான். முனை குட்டையாகும், எடையும் குறையும். ஒருபக்கம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அம்பு கோணிப் பறக்கும். எனவே சேதம் இல்லாத பக்கத்தையும் அதே அளவு தேய்க்க வேண்டியிருந்தது. நல்ல இரும்பை வேண்டுமென்றே இழப்பது மனத்துக்கு உவப்பான வேலை அன்று, ஆனால் வேறு வழியில்லை. பின்னோக்கிய முள் உடைய முனையில் ஒரு முள் முறிந்தாலும் இதே கதிதான்: மற்ற முள்ளையும் அராவி எடுத்துவிட்டால் முள்முனை இலைவடிவ முனையாக மாறும். குழல் கிழிந்த முனையை விரித்துத் தட்டிக் காம்பாக்கலாம். இதற்கும் உதவாமல் தேய்ந்துபோனவை ஆணியாகவோ குத்தூசியாகவோ மறுபிறவி எடுக்கும், அல்லது வேறு துண்டுகளோடு சேர்த்துக் காய்ச்சிப் பற்றவைக்கப்படும்.

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இரும்பின் விலை மட்டும் அல்ல. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் கொல்கிறது. அம்பு அப்படியன்று, அலகு இரத்தக் குழாய்களை அறுப்பதால்தான் விலங்கு விழுகிறது. மழுங்கிய அலகு குழாயை அறுக்காமல் ஒதுக்கித் தள்ளிவிட்டுச் செல்லும். அடிபட்ட மான் வெகுதூரம் ஓடிப் புதரில் நாட்கணக்கில் வலியோடு கிடந்து சாகும். வேடனுக்கும் அது கிடைக்காது. காட்டுப்பன்றியோ கரடியோ என்றால் அது எய்தவன் மேலேயே திரும்பும். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாக வன்பரணர் பாடிய புறநானூறு 152ஆம் பாடல் மிகையானதுதான். அந்த மிகையில் வில்லின் வலிமை மட்டுமே பேசப்படுகிறது. முனையைத் தீட்டியவன் அதில் இடம்பெறவில்லை.

மலையடிவாரத்துக்கு மேலே

மேட்டுப்பாளையத்தில் பவானியைக் கடந்தால் நீலகிரி ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் சாலை, கோத்தர் என்ற பழங்குடியின் பெயரைத் தாங்கிய ஊருக்குச் செல்கிறது. ஏழு ஊர்களில் வாழ்ந்த கோத்தரே நீலகிரியின் கொல்லர்கள். தச்சு, மண்பாண்டம், இசை ஆகியவையும் அவர்கள் கையில் இருந்தன. படகர், தோடர், குறும்பர் ஆகியோருக்குக் கோத்தர் இரும்புக் கருவிகள் செய்து தந்தனர், பழுது நீக்கியும் கொடுத்தனர். படகரிடமிருந்து தானியமும் தோடரிடமிருந்து பால்பொருள்களும் அவர்களுக்குக் கிடைத்தன. காசு இல்லாத இந்த உறவில், கருவி கெட்டால் திருத்தித் தருவது தனியே கூலி பேசும் வேலை அல்ல. ஆண்டு முழுவதும் நீளும் கடப்பாட்டின் பகுதி அது. கோத்தரின் ஆண்டுவிழாவில் கோயில் முன்பாகத் தற்காலிக உலை அமைத்து இரும்பு அடிக்கும் சடங்கு 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இடம்பெற்றுள்ளது.

தோடர் வேட்டையாடுவதில்லை. எனினும் கருவுற்ற பெண்ணுக்கு ஆண் ஒருவன் வில்லும் அம்பும் கொடுத்துக் குழந்தையின் தந்தையாகும் சடங்கு அவர்களிடம் உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார். அந்த வில் மரக்குச்சி, அம்பு புல். இரும்பு முனை போனபின்னும் வில்லின் பொருள் மட்டும் எஞ்சிவிட்டது. கூடலூர்ப் பக்கத்து முள்ளுக்குறும்பரும் வயநாட்டுக் குறிச்சியரும் இதற்கு மாறானவர்கள். வில்லும் இரும்பு முனை அம்பும் அவர்களுடைய உண்மையான வேட்டைக் கருவிகள். குறிச்சிய வில்லாளிகள் 1802இல் பனமரம் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தாக்கி அழித்தனர்.

தேய்ந்தவையா, வேறு வகையா?

நீலகிரியின் முதல் ஆணையரான ஜே. டபிள்யூ. பிரீக்ஸ் மலைமேலுள்ள கல்வட்டங்களைத் தோண்டிக் கண்டவற்றை விளக்கும் நூல் 1873இல் வெளிவந்தது. அவர் சேகரித்த ஈட்டி முனை, அம்பு முனை, கத்தி, அரிவாள் முதலியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. இப்படிப்பட்ட முனைகளை அருங்காட்சியகங்கள் நீளம், வடிவம், முள் உண்டா இல்லையா என்பனவற்றைக் கொண்டு வகைப்படுத்துகின்றன.

இதில் ஒரு சிக்கல் உள்ளது. அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ஃபிரிசன் 1968இல் கற்கருவிகளைப் பற்றி ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஒரே கருவியைப் பலமுறை தீட்டும்போது அதன் வடிவம் மாறிக்கொண்டே போகிறது. நாம் வெவ்வேறு வகைகள் என்று பெயரிடுபவை ஒரே கருவியின் வாழ்நாளில் வெவ்வேறு கட்டங்களாக இருக்கலாம். பின்னர் இதற்கு 'ஃபிரிசன் விளைவு' என்று பெயர் வைத்தனர். இரும்பு முனைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மேலே கண்டபடி, முள்முனை இலைமுனையாகலாம், நீள்முனை குறுமுனையாகலாம், குழல் காம்பாகலாம். குட்டையான முனைகளைக் கண்டதும் அவை சிறு விலங்குக்கானவை என்று முடிவுகட்டுவது அவசரமாகும். பலமுறை அராவப்பட்ட நெடுமுனைகளாகவும் அவை இருக்கக்கூடும்.

கல்லில் தீட்டிய தழும்பு நிற்கும். இரும்பில் துரு அதை முதலில் தின்றுவிடுகிறது. தீட்டிய விளிம்புதான் மிக மெலிந்தது என்பதால் அதுவே முதலில் அழிகிறது. இருப்பினும் இரு பக்கங்களும் ஒத்துப்போகாத தோள்கள், அலகின் நீளத்துக்குப் பொருந்தாத பெரிய குழல், உள்ளே மறைந்திருக்கும் பற்றவைப்புக் கோடு ஆகியவை திருத்தத்தின் அடையாளங்கள். கடைசியாகச் சொன்னதைக் குறுக்குவெட்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் காணலாம்.

மரபு மறைந்த விதம்

துப்பாக்கி வந்தது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் ரயில் வந்தது. 1899இல் மலைரயில் குன்னூரை எட்டியது. ஆலை இரும்பு மலையடிவாரச் சந்தைக்கு எளிதில் வந்துசேரத் தொடங்கியதும், கரி மூட்டி உருக்கிய நாட்டு இரும்பின் மதிப்பு சரிந்தது. இரும்பு மலிந்தால் பழையதைத் திருத்துவதற்கான கட்டாயமும் தளரும். அதே காலத்தில் காட்டின் மீது சட்டம் இறுகியது. 1879இல் நீலகிரிக்கென வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டமும் 1882இல் சென்னை மாகாண வனச் சட்டமும் வந்தன. காட்டில் வாழ்ந்தோரின் வேட்டை குற்றமானது. ஆங்கிலேயரின் வேட்டை உரிமச் சீட்டோடு தொடர்ந்தது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. எனவே இன்று இந்தியாவில் வில்வேட்டைக்கு இடமில்லை. வில்வேட்டை விளையாட்டாகத் தொடரும் அமெரிக்காவில் 1956இல் ஃபிரெட் பேர் அறிமுகப்படுத்திய 'ரேசர்ஹெட்' முனையில், நிலையான அலகோடு சவரத் தகடு போன்ற மெல்லிய கூடுதல் அலகைச் செருகிக்கொள்ளும் வசதி இருந்தது. அலகைத் தீட்டாமல் கழற்றி மாற்றும் பழக்கம் அங்கு அதன்பின் பரவியது. ஆனாலும் இரட்டை அலகு முனையை அரத்தால் தீட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோர் அங்கு இன்றும் உள்ளனர்.

கொங்குப் பகுதியில் அம்பு முனை காய்ச்சும் உலை இல்லை. அந்த வேலையின் மற்றப் பாதி இருக்கிறது. சாலையோரப் பட்டறைகளில் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அரிவாள் அடிக்கிறார்கள், மழுங்கிய கொடுவாளைக் காய்ச்சித் தட்டித் தோய்ச்சல் போட்டுக் கொடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் கொல்லர் அரிவாளின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை மெல்ல வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உரியவரிடம் நீட்டுகிறார்.